உள்பக்கம் மடித்த இலைகள்

ஆற்றங்கரையில் ஒரு மடம். மடத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம். அங்கே தங்கிப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் காலையும் இரவும் கஞ்சி. மத்தியானம் மட்டும் இலை போட்டுச் சோறு.

அந்தச் சோற்றைச் சமைப்பவர் கோமதிநாயகம். வாழ்நாள் முழுக்கக் கல்யாண வீடுகளில் சமைத்தவர். அவருடைய புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் தண்ணீர் வழிய, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்பார்கள். கை தளர்ந்த பிறகு ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். மடத்துத் தலைவியை எல்லாரும் அம்மை என்று கூப்பிடுவார்கள். நாயகத்தின் கடைசி மகளுக்கும் அம்மைக்கும் ஒரே வயசு. அதனால் என்ன, அம்மைக்கு அவர் சீடர்தான். அம்மை அவருக்கு மந்திரம் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கரண்டியைக் கொடுத்து, "பிள்ளைகளைப் பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

ஒரு நாள் சாயங்காலப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது வடிவு என்கிற சின்னப் பெண் சுருண்டு விழுந்தாள்.

சேதி கேட்டு அவள் அப்பா மலையடிவாரத்திலிருந்து வந்தார். ஆடு மேய்க்கிறவர். மகளைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டி கூட இதைவிடக் கனமா இருக்கும்" என்றார். "அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருவேன் அம்மை. அப்பவும் பிள்ளை இப்படியே கிடந்தா கூட்டிட்டுப் போயிருதேன். படிப்பு இல்லாட்டியும் பரவாயில்ல, என் கண்ணு முன்னாடி ஆடு மேய்க்கட்டும்."

அவர் போன பிறகு நாயகம் அம்மையிடம் வந்தார்.

"என் சாப்பாட்டுல குறை இருக்காது அம்மை. இருந்தாலும் பிள்ளைக மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரிஞ்சிக்கிடறது?"

"கேட்டுப் பாருங்களேன்" என்றார் அம்மை.

மறுநாள் பந்தி. பிள்ளைகள் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். நாயகம் குழம்பு வாளியோடு நடுவில் வந்து நின்றார்.

"ஏ பிள்ளைகளா, சாப்பாடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தாத்தா." ஒரே குரலாக வந்தது, காலையில் சொல்லும் வாய்ப்பாடு மாதிரி.

"குழம்பு?"

"நல்லா இருக்கு தாத்தா."

"வடிவு, நீ சொல்லு."

வடிவு பக்கத்துப் பையனைப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கு தாத்தா" என்றாள்.

நாயகத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

அம்மை கொல்லையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நாயகம் போய்ச் சொன்னார்.

"கேட்டுட்டேன் அம்மை. எல்லாம் நல்லா இருக்காம்."

"கேக்கும்போது கையில என்ன வச்சிருந்தீங்க?"

"கரண்டி."

அம்மை அடுத்த காயை எடுத்து உரித்தார்.

நாயகம் அடுப்படிக்குத் திரும்பி வந்து ரொம்ப நேரம் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான். கரண்டி பிடித்தவனிடம் எந்தப் பிள்ளை குறை சொல்லும்? வாயால் கேட்டால் ஆகாது. வேறு வழியில் கேட்க வேண்டும்.

அவருக்கா வழி தெரியாது? கல்யாணப் பந்தியில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தால் மனசு நிறைந்தது என்று அர்த்தம். எத்தனையோ பந்திகளை அவர் அப்படித்தான் படித்திருக்கிறார்.

மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"இன்னைக்கு யாரும் ஒண்ணும் பேச வேண்டாம். சாப்பாடு பிடிச்சிருந்தா இலையை உங்க பக்கமா மடிங்க. பிடிக்கலைன்னா அந்தப் பக்கமா மடிங்க. நான் இங்க நிக்கவே மாட்டேன். போதுமா?"

சொன்னபடியே வெளியே போனார். கொஞ்ச நேரம் வேப்ப மரத்தடியில் நின்றுவிட்டு வந்து பார்த்தார். பந்தி எழுந்து கை கழுவப் போயிருந்தது. எல்லா இலைகளும் உள்பக்கமாக, அழகாக மடிந்து கிடந்தன.

நாயகம் ஓட்டமாகப் போய் அம்மையைக் கூட்டி வந்தார்.

"பாருங்க அம்மை. நான் பக்கத்துலயே இல்ல. கையில கரண்டியும் இல்ல."

அம்மை வரிசையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உங்க ஆயுசுல என்னைக்காவது இலையை அந்தப் பக்கமா மடிச்சிருக்கீங்களா?"

நாயகம் யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"ஒரு தடவை."

"எப்ப?"

"எங்க அப்பா காரியத்தன்னைக்கு."

அந்தச் சமயம் வடிவு ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். அம்மை அவளை நிறுத்தினார்.

"வடிவு, நீ ஏன் அந்தப் பக்கமா மடிக்கல?"

வடிவு திகைத்துப் போனாள். கேட்கக் கூடாததைக் கேட்ட மாதிரி அம்மையைப் பார்த்தாள்.

"அப்படி மடிச்சா வீட்ல யாராவது செத்துப் போயிருவாங்க அம்மை. எங்க அப்பா மட்டும்தானே இருக்காரு."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அம்மை குனிந்து கடைசி இலையை விரித்தார். சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. குழம்பு படாத வெள்ளைச் சோற்றை மட்டும் ஓரமாகக் கிள்ளித் தின்ற தடம். அடுத்த இலையிலும் அப்படித்தான்.

"தினமும் இலையை அள்ளி மாட்டுக்குப் போடுறது யாரு?"

"நான்தான்."

"மாடு எப்படி இருக்கு?"

நாயகம் தலையைத் தொங்கப் போட்டார். மடத்து மாடு அந்த வருஷம் நன்றாகக் கொழுத்திருந்தது. தன் கைராசி என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்போ பிள்ளைக என்கிட்ட பொய் சொல்லுதுகளா அம்மை?"

"இல்லையே. மரியாதையா இருக்குதுக."

"மரியாதையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? வெள்ளிக்கிழமை அந்த மனுசன் வந்து நிப்பாரு. வாயால கேட்டாச்சு, இலையால கேட்டாச்சு. இன்னும் எப்படித்தான் கேக்கச் சொல்லுதீங்க?"

"கேட்டது போதும். நாளைக்குச் சமைச்சு முடிச்சதும் நீங்க பந்தியில உட்காருங்க. பிள்ளைக உங்களுக்குப் பரிமாறட்டும்."

நாயகம் சிரித்துவிட்டார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவழைக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்தார். அம்மை சிரிக்கவில்லை.

நாயகம் தான் சமைத்ததை ஒருநாளும் தின்றவர் இல்லை. சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். உப்பு, புளி, காரம் எல்லாம் மூக்காலேயே பார்த்துவிடுவார், அப்படி ஒரு கை. பந்தி முடியும்போது அவருக்குப் பசியும் இருக்காது. அடுப்படியில் நின்றவனுக்கு மணமே வயிற்றை நிறைத்துவிடும் என்பார். மோரைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். கல்யாண வீட்டிலும் அப்படித்தான்.

மறுநாள் பந்தியின் கடைசியில் அவருக்கும் ஒரு இலை விழுந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சோற்றுக்கூடையை இரண்டு பேர் தூக்கினார்கள். கரண்டி வடிவின் கையில். சுடலைமுத்து என்கிற பையன் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, நாயகம் நிற்கிற மாதிரியே நின்றான்.

"என்ன தாத்தா, இலைய நல்லாத் தொடச்சீங்களா? சிந்தாமச் சாப்பிடணும், என்ன."

பந்தி முழுக்கச் சிரித்தது. நாயகமும் சிரித்தார்.

"தொடச்சாச்சுங்க எசமான்."

சோறு வந்தது. வடிவு குழம்பு வாளியோடு வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். கரண்டியை விட்டுத் துழாவி, ஒரு கத்திரிக்காயைத் தேடி எடுத்தாள். அதை இலையில் போடவில்லை. அவர் பக்கத்தில் இருந்த தம்ளரைத் தன்னிடம் இழுத்தாள். காயைத் தண்ணீருக்குள் விட்டு அப்படியும் இப்படியும் அலசினாள். தண்ணீர் சிவப்பாயிற்று. காயை எடுத்து ஒரு உதறு உதறி, அவர் இலையில் வைத்தாள்.

"இப்ப தின்னுங்க தாத்தா. எரியாது."

பந்தி கப்பென்று அடங்கியது.

"ஏட்டி வடிவு" என்று சுடலைமுத்து பல்லைக் கடித்தான். "அதைச் சொல்லக் கூடாதுல்லா."

"நான் எங்க சொன்னேன்? பரிமாறுனேன்."

நாயகம் அந்தக் காயைப் பார்த்தார். பிறகு வாளியிலிருந்து தானே ஒரு கரண்டி குழம்பை எடுத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்தார்.

முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு காது அடைத்தது. தம்ளரைத் தேடினார். அதில் காய் அலசிய தண்ணீர்தான் இருந்தது.

"தண்ணி குடிக்காதீங்க தாத்தா" என்றாள் வடிவு. "குடிச்சா வயிறு ரொம்பிரும். அப்புறம் சோறு இறங்காது."

"அப்பளத்தக் கடிங்க" என்றது ஒரு பிள்ளை.

"மூச்ச உள்ள இழுக்கக் கூடாது. வெளிய விடணும், இப்படி" என்று இன்னொன்று ஊதிக் காட்டியது.

"ஓரத்துச் சோத்த மட்டும் திங்கணும் தாத்தா. குழம்பு ஓடி வர்றதுக்கு முன்னாடி அணை கட்டிரணும்."

"அன்னைக்கு நீங்க எனக்கு ரெண்டாவது கரண்டி ஊத்துனீங்கள்லா" என்றாள் வடிவு. "அணை உடைஞ்சு போச்சு."

எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள். யாரும் அவரிடம் குறை சொல்லவில்லை. சாப்பிடத் தெரியாத ஒரு புதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னார்கள். தன் இலைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது காரத்தினால் என்றே பிள்ளைகள் நினைத்தார்கள்.

அலசி வைத்த கத்திரிக்காயை மட்டும் தின்று முடித்தார்.

"எந்திரிங்க தாத்தா. இலைய மடிங்க" என்றான் சுடலைமுத்து.

நாயகம் எந்தப் பக்கமும் மடிக்கவில்லை. இலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் கரண்டியைக் கழுவித் துடைத்து, அம்மையின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இந்தக் கை கல்யாணத்துக்குப் பழகின கை அம்மை. இது பிள்ளைகளுக்கு ஆகாது. நான் கெளம்புதேன்."

"பிள்ளைக உங்களப் போகச் சொன்னுச்சா?"

"இல்ல."

"வேற என்ன சொன்னுச்சு?"

"அணை கட்டச் சொன்னுச்சு. அப்பளத்தக் கடிக்கச் சொன்னுச்சு."

"அப்படின்னா உங்களுக்கு நாளைக்கும் இலை உண்டு" என்று சொல்லிவிட்டு அம்மை கரண்டியை அவர் பக்கமாகத் தள்ளினார்.

அதிலிருந்து நாயகம் தினமும் பந்தியில் உட்கார்ந்தார். ஒரு நாள் ஒரு பிள்ளை பக்கத்தில், மறுநாள் இன்னொரு பிள்ளை பக்கத்தில். தேங்காய்ப் பால் எடுத்துக் காரமில்லாத சொதி வைத்தார். காய்களைச் சின்னச் சின்னதாக நறுக்கினார். யார் எதை ஒதுக்குகிறார்கள் என்று பார்த்தார். ஒதுக்கியதைத் தானும் எடுத்துத் தின்று பார்த்தார். மாடு சும்மா சும்மா கத்த ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வடிவின் அப்பா சந்தைக்குப் போகாமல் நேரே மடத்துக்கு வந்துவிட்டார். மகளின் துணிமணியை எடுத்துப்போக ஒரு பை கொண்டு வந்திருந்தார். அம்மை அவரைப் பந்திக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

வடிவு நாயகத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சோற்றைச் சொதியில் பிசைந்து, இரண்டு வாய் வேகமாகத் தின்றாள். மூன்றாவது வாயில் நிறுத்தினாள்.

"தாத்தா, இன்னைக்கு உப்பு கம்மி."

நாயகம் ஒரு வாய் வைத்துப் பார்த்தார்.

"ஆமால்லா. இந்தா வாரேன்."

முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, அடுப்படிக்குப் போனார்.

வாசலில் நின்ற அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மன்னிச்சிக்கிடணும் அம்மை. சோறு போடுற எடத்துல குறை சொல்லக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன். இது இப்படிப் பேசுற பிள்ளையே இல்ல. எதைப் போட்டாலும் வாயத் திறக்காது."

அம்மை வடிவைப் பார்த்தார். உப்பு வருகிற வரைக்கும் பொறுக்க முடியாமல் அவள் அடுத்த வாயை எடுத்துவிட்டிருந்தாள்.

"ஆமாண்ணே" என்றார் அம்மை. "அதான் இளைச்சுப் போனா."

வடிவின் அப்பா கையில் இருந்த காலிப் பையை மெதுவாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.