கல்லீரலைப் பிடித்தவர்

ஒரே ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஜெயசீலன் மதுரைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கிய அறுவை மருத்துவர். அவர் பாடம் கேட்க வந்த டாக்டர் மங்கையர்க்கரசியோ அவரைவிட ஒன்பது வயது இளையவர். வெட்கப்படும் கட்டத்தையெல்லாம் தாண்டித்தான் வந்திருந்தார்.

போன வருஷம் நூற்று அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குடலிறக்க அறுவை செய்தார். ரத்தம் கட்டாமல் இருக்க எல்லோருக்கும் போடும் ஊசியை, எல்லோருக்கும் போடும் அளவிலேயே போட்டார். நான்காம் நாள் காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. அந்த மனிதர் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டார்.

நடந்ததை மேடத்திடம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு பெரிய உடம்புக்கு எவ்வளவு மருந்து, மேடம்?"

மறுநாள் இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைக்குக் காத்திருந்த ஸ்டெல்லாவுக்கு, அந்த ஊசியின் அளவை மேடம் அவரையே எழுதச் சொன்னார்.

ஸ்டெல்லா இட்லிமாவுக் கடை வைத்திருப்பவள். வார்டில் இருந்த எடை மெஷின் நூற்றைம்பதோடு நின்றுவிடும். அதனால் சமையற்கட்டில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். நூற்று எழுபத்தெட்டு. "சாக்குதான் கொறச்சல்" என்று சிரித்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயசீலன் கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கி எழுதினார். வழக்கமான அளவைப்போல் நாலு மடங்குக்கு மேல் வந்தது. மேடம் அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கல்லீரலை நீங்க புடிங்க, சார்."

அது கற்றுக்குட்டி வேலை. இரைப்பை கண்ணுக்குத் தெரியும்படி கல்லீரலை ஒரு கம்பியால் தூக்கிப் பிடித்து, ஒன்றரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். மறுநாள் ஜெயசீலன் கம்பியை வாங்கிப் பிடித்தார்.

வயிற்றுக்குள் விட்ட கேமராவின் திரையில் கல்லீரல் வந்தபோது அவருக்கு மலைப்பாக இருந்தது. கொழுப்பேறி மஞ்சளித்து, விளிம்பு மழுங்கி, பாதித் திரையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவர் பிடியை லேசாக மாற்றினார். கம்பி உரசிய இடத்தில் ரத்தம் துளிர்த்தது. பதறிப்போய், சுட்டு அடைக்கும் கருவியைக் கேட்டார்.

"தொடாதீங்க. பாருங்க."

பார்த்தார்கள். துளி பெருத்தது. தயங்கியது. பிறகு கறுத்து அப்படியே உறைந்துவிட்டது.

ஜெயசீலனுக்குக் கண் கலங்கியது. எத்தனையோ கல்லீரல்களை ஒதுக்கித் தள்ளியிருக்கிறார், ஒன்றையாவது இப்படி நின்று பார்த்ததில்லை. இந்தக் கொழுப்புக்குள் திணறிக்கொண்டே, ரத்தத்தை உறைய வைப்பதையும் உறையாமல் ஓட விடுவதையும் அது இத்தனை வருஷமாகச் செய்துகொண்டு இருந்திருக்கிறது.

"நான் எழுதுனதப் போட்டிருந்தா இது நின்னிருக்குமா, மேடம்?"

"தெரியாது."

அறுவை நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்ததும் அவர் விடவில்லை. அப்படியென்றால் எவ்வளவுதான் எழுதுவது என்று கேட்டார்.

"வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. ஊசி போட்டு நாலு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாருங்க. அவங்க ரத்தமும் கல்லீரலும் சொல்றத வச்சு ஏத்தலாம், எறக்கலாம்."

"அப்ப எடையப் பாத்து எழுதுனது தப்பா?"

மேடம் மடித்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான்.

"எடையப் பாத்து நீங்க எழுதல, சார், பயத்துல எழுதுனீங்க. பேருதான் ஸ்டெல்லா. மருந்து, போன வருஷம் எறந்துபோனவருக்கு எழுதியிருக்கீங்க."