வாசல் கல்லும் குறிச்சி நாட்டு ஓலையும்

முன்னொரு காலத்தில், ஏழு நாடுகள் தாமாகக் கூடி ஒரு ராஜாவை வைத்துக்கொண்ட தேசம் ஒன்று இருந்தது. போரும் பெருவழியும் ராஜாவின் பொறுப்பு, மற்றதெல்லாம் அந்தந்த நாட்டுச் சபையின் பொறுப்பு என்று கல்லில் வெட்டி, ராஜசபை வாசலிலேயே நட்டிருந்தார்கள்.

அந்த வம்சத்தில் வந்த ஒரு ராஜாவுக்குப் புகழ்ச்சி என்றால் வெல்லப்பாகு. மந்திரி மழவராயர் அதைத் தெரிந்துகொண்டு ஒரு சட்டம் எழுதிக் கொடுத்தார்: "அரசாணையைக் குறை சொல்லும் சொல் எவர் வாயிலிருந்து வந்தாலும் அவருக்கு விலங்கு."

ஆறு நாடுகள் வாயை மூடிக்கொண்டன. குறிச்சி நாட்டுச் சபை மட்டும், 'இந்தச் சட்டம் வாசல் கல்லின் வரம்பைத் தாண்டியது. எங்கள் நாட்டில் செல்லாது' என்று ஓலை அனுப்பியது. சபையார் ஐவரையும் விலங்கிட்டு இழுத்துவந்தார்கள். அவர்களில் ஒருவர் எயினனார், ராஜசபை விகடகவி விடங்கனின் அக்காள் கணவர். விலங்கோடும் தலை குனியாமல் வந்தார். அதைப் பார்த்த விடங்கனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. ஆனாலும் பயந்துபோய் மெல்ல அவர் அருகே நகர்ந்தான்.

"மன்னிப்புக் கேட்டுடுங்க அத்தான்," என்று கிசுகிசுத்தான்.

"சரியாச் சொன்னதுக்கு எதுக்கு மச்சான் மன்னிப்பு? உங்க அக்காவைப் பார்த்துக்க."

மழவராயருக்கு விடங்கன் மேல் வெகுநாள் பொறாமை. "மகாராஜா, ஓலையை விகடகவியே படிக்கட்டும். அவர் நாட்டு ஓலைதானே!" என்றார். ராஜாவும் தலையசைத்தார். படித்தால் விலங்கு, மறுத்தால் ராஜகட்டளையை மீறிய குற்றம்.

விடங்கன் ஓலையைக் கண்ணருகே கொண்டுபோய் உதட்டைப் பிதுக்கினான். "எழுத்து நெருக்கமாக இருக்கிறது, பிரபு. மந்திரியார் சற்றுத் தொடங்கி வைத்தால் தொடர்ந்துவிடுவேன்."

மழவராயர் வெடுக்கென்று பிடுங்கி, ஓலை முழுவதையும் கணீரென்று படித்து முடித்தார்.

"காவலரே! ஆறாவது விலங்கு எங்கே? குறை வந்த வாய் இதோ!" என்றான் விடங்கன்.

"நான் ஓலையில் இருந்ததைத்தானே படித்தேன்!" என்று மந்திரி அலறினார்.

"அவர்களும் வாசல் கல்லில் இருந்ததைத்தான் படித்தார்கள், மந்திரியாரே. மகாராஜா, படித்தது குற்றமென்றால் ஆறு பேருக்கும் விலங்கு. இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை."

ராஜா எழுந்து வாசலுக்குப் போனார். தினமும் கடந்துபோகும் கல்லை அன்றுதான் முழுவதும் படித்தார். திரும்பி வந்து, மந்திரியின் வியர்த்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. விலங்குகளை அவிழ்க்கச் சொல்லி, சட்ட ஓலையை இரண்டாக முறித்துப் போட்டார்.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், விடங்கா?"

"குறிச்சி நாட்டு ஓலையைக் கல்லில் வெட்டி, வாசல் கல்லுக்குப் பக்கத்தில் நட வேண்டும், பிரபு. அடியில் ஒரு வரி: 'இப்படிச் சொன்ன ஐவரும் அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.'"

கல் நட்ட மறுவாரமே மற்ற ஆறு நாடுகளிலிருந்தும் குறை சொல்லும் ஓலைகள் வந்து குவிந்தன. ராஜா ஒவ்வொன்றையும் தாமே படித்தார். சிலவற்றுக்குச் சிரிக்கவும் செய்தார்.