உடைக்காத கட்டைகள்

“மேடம், நாளைக்கு விசாரணையில நான் என்ன சொல்றது?”

இசக்கிராஜா இதைக் கேட்டபோது பியூலா மேடம் கல்லூரியின் கான்கிரீட் லேபைப் பூட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம்வரை அவனுக்குப் பாடம் எடுத்தவர்.

அவன் எஞ்சினியராக இருந்த கட்டடத்தில் சன்ஷேடு இடிந்து விழுந்துவிட்டது. அதன் நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்த சித்தாள் மாடத்தி அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அன்று காலையில்தான், எஞ்சினியர் சாருக்கு மீசை எப்போ முளைக்கும் என்று அவனைச் சீண்டியிருந்தாள்.

கலவை தேறுமா என்று பார்க்க மூன்று கான்கிரீட் கட்டை வார்த்து, மூன்றையும் மெஷினில் வைத்து உடைக்க வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு அவன் ஒன்றைத்தான் உடைத்தான். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டான். மூன்றையும் உடைத்ததாகவே சொல்லு, இல்லையென்றால் ஜெயிலுக்குப் போவது நீதான் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

“எல்லா லேபிலயும் முழு மார்க் வாங்கினவன் மேடம் நான்.”



மேடம் அவனை லேபுக்குப் பின்னால், வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். பையன்கள் டீ குடிக்க உட்காரும் பழைய கான்கிரீட் கட்டைகள் அங்கே கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டில் அவர் கை நின்றது.

சிவப்புப் பெயிண்டில், அவன் இங்கே படித்த காலத்து பேட்ச் எண். அவன் கையெழுத்து.

இரண்டையும் அவனே சுமந்து வந்தான். மேடம் பூட்டைத் திறந்து, ஒன்றை மெஷினில் வைக்கச் சொன்னார்.

மெஷினின் முள் ஏறியது. அன்றைக்கு லேப் ரெக்கார்டில் அவன் எழுதிய எண்ணில் பாதியைக்கூடத் தொடவில்லை. கட்டை பொடிந்து சரிந்தது.

தூசி அடங்கியது.

“இதுக்கு டிக் போட்டீங்களே மேடம்.”

“போட்டேன்.”

“தெரியாமயா?”

“மூணு ரீடிங் எழுதியிருந்தே. உடைஞ்சு கிடந்தது ஒரு கட்டைதான். பார்த்தேன்ப்பா.”

அவன் தலை குனிந்தபடியே அடுத்த கட்டையைத் தூக்கப் போனான்.

மேடம் அவனை விலக்கிவிட்டு, தானே அதைத் தூக்கினார். கனம் தாங்காமல் ஒரு அடி தள்ளாடினார். பிறகு, சேலையில் சிமெண்ட் தூசி அப்பிக்கொள்வதைப் பார்க்காமல் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“இது உடைய வேண்டாம். நாளைக்கு என்கூட விசாரணைக்கு வரட்டும்.”