துண்டுக்குள் இருந்த கை

மாட்டுத் தரகர் ஒச்சப்பன் ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மடத்துக்கு வந்தார். கூடவே பதினாறு வயதில் ஒரு பெண் வந்தாள். இரண்டு பேருடைய கைகளின் மேலும் அவருடைய பச்சைத் துண்டு கிடந்தது.

சந்தையில் விலை பேசுகிறவர்கள் அப்படித்தான் துண்டுக்குள் கை விட்டு விரலைப் பிடிப்பார்கள். என்ன விலை என்று சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது. ஒச்சப்பன் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மடத்து வாசல் வரை அப்படியே நடந்து வந்தார். துண்டுக்குள் அவர் பிடித்திருந்தது விரலை அல்ல, மணிக்கட்டை.

வாசலில் இருபது ஜோடி செருப்பு தாறுமாறாகக் கிடந்தது. அந்தப் பெண் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். இடது ஒன்றை எடுத்தாள். அதன் வலதைத் தேடினாள்.

"இங்கயே இரு. உள்ள வந்துறாத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் ஒச்சப்பன். தன் செருப்பையும் அங்கேயே உதறிவிட்டுத் தனியாக உள்ளே போனார்.

உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. மடத்தை நடத்தும் மடத்தம்மா தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஒச்சப்பனை விடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பன்னிரண்டு வருடமாக ஒச்சப்பன் அவருடைய சீடர். சந்தையில் யாருக்கும் அடங்காத வாய் அங்கே மட்டும் அடங்கும்.

"வாங்கண்ணே. இலை போடச் சொல்லவா?"

"பசி இல்ல தாயி."

கடைசி இலையில் ரசம் பிசைந்துகொண்டிருந்த கந்தவேல் வாத்தியார் நிமிர்ந்தார். "ஏம்ப்பா ஒச்சப்பா, சந்தையில மாட்டுத் திருடனைப் பிடிச்சியாமே?"

ஒச்சப்பனுக்கு முகம் மலர்ந்தது. வாசலைப் பற்றி யாரும் கேட்பதற்குள் பேச ஒரு கதை கிடைத்துவிட்டது.

"அதை ஏன் கேக்குறீங்க வாத்தியாரே. ஒருத்தன் செவலைப் பசு ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்தான். பசு அவன் மூஞ்சியவே பாக்கல. எனக்குச் சந்தேகம். அடையாளம் சொல்லுடான்னேன். எந்தக் காம்புல கை வச்சா உதைக்கும்? எந்தப் பக்கம் சாஞ்சு படுக்கும்? கழுநீர்ல உப்புப் போட்டாக் குடிக்குமா, போடாட்டிக் குடிக்குமா? பய முழிக்கிறான். என்ன சொன்னான் தெரியுமா? 'அதெல்லாம் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும், ஃபோன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்'ங்கிறான்!"

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள்.

"வளர்த்தவனுக்கு ஃபோன் எதுக்குடான்னு ஒரு அறை விட்டேன். போலீஸ்ல ஒப்படைச்சாச்சு."

மடத்தம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"வெளியே யாரண்ணே?"

"அது... நம்ம புள்ளதான்."

"கோமதியா? கல்யாணப் பொண்ணு ஏன் வெயில்ல உக்காந்திருக்கு?"

"கோமதி இல்ல தாயி. சின்னவ."

"சின்னவளா?"

"யோகேஸ்வரி."

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒச்சப்பன் அந்தத் தூணோரம் எத்தனையோ சொல்லியிருக்கிறார். அண்ணனோடு வெட்டுக்குத்து வரை போனது, குடித்துச் சீரழிந்தது, குடியை விட்டது. இந்தப் பெயரை மட்டும் சொன்னதில்லை.

ஒச்சப்பன் கிட்டே வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிறந்தப்பவே டவுன் சிண்ட்ரோம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஆட்டிசமும் சேர்ந்திருக்குன்னாங்க. இந்தச் செருப்பு அடுக்குறது மூணாவது. அதுக்கும் டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, எனக்கு வாயில நுழையல. எங்க போனாலும் இதான். யார் யாரு செருப்பையோ கையில எடுக்குறா. அடுக்கி முடிக்காம நகர மாட்டா. நடுவுல கலைச்சா முதல்ல இருந்து ஆரம்பிப்பா. ஒன்பதாந்தேதி கோமதி கல்யாணம். மண்டபத்து வாசல்ல முன்னூறு ஜோடி கிடக்கும் தாயி. சம்பந்தி செருப்பை எம்மக தூக்கிக்கிட்டு நிப்பா."

"சம்பந்திக்குத் தெரியாதா?"

ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டிய நேரத்தை விட அதிக நேரம் துடைத்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப, கூடப் பிறந்தவங்க எத்தனை பேருன்னு கேட்டாங்க. ஒத்தப் பொண்ணுன்னு வாயில வந்துருச்சு."

"வந்துச்சா, சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அன்னைக்கு இவ எங்க இருந்தா?"

"மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு. வெளிய கொண்டி போட்டுட்டேன். கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா. மாப்பிள்ளையோட அப்பா என்ன சத்தம்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"கன்னுக்குட்டின்னு சொன்னேன்."

பந்தியில் பேச்சு நின்றுபோயிருந்தது. தாழ்த்திய குரலும் அங்கே எல்லோருக்கும் கேட்டிருக்கிறது என்பது ஒச்சப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேகமாகப் பேசினார்.

"கல்யாணம் முடியுற வரைக்கும் மூணே மூணு நாள். இவளை இங்க வச்சுக்கங்க. சும்மா இல்ல தாயி. சமையல் கொட்டகை ஒழுகுதுல்ல? தகரம் போட்டுத் தர்றேன்."

மடத்தம்மா பேசவில்லை.

"நல்ல தகரம். கம்பெனித் தகரம். கூரைச் சட்டத்தையும் மாத்திடுவோம்."

மடத்தம்மா பேசவில்லை.

"பெரிய கிரைண்டர் ஒண்ணும் இறக்கிடுறேன்."

"மூணு நாள்தானே? விட்டுட்டுப் போங்க."

ஒச்சப்பன் திடுக்கிட்டார். எதிராளி சட்டென்று ஒத்துக்கொண்டால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். தொழிலில் அடிபட்டுக் கற்றது அது.

"ஒண்ணு மட்டும்ணே" என்றார் மடத்தம்மா. "அடையாளம் சொல்லிட்டுப் போங்க."

"என்ன அடையாளம்?"

"மூணு நாள் நான்தானே பாத்துக்கணும். எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பா?"

"என்ன தாயி, எம்புள்ளைய மாட்டோட சேத்துப் பேசுறீங்க?"

"கன்னுக்குட்டின்னு சொன்னது நான் இல்லையே."

ஒச்சப்பன் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார்.

"எந்தப் பக்கம்?"

"படுப்பா... எல்லாரும் மாதிரிதான்."

"சோத்தைப் பிசைஞ்சு வைக்கணுமா, தனித்தனியா வைக்கணுமா?"

"எப்படி வச்சாலும் சாப்பிடுவா. சாப்பிடுவான்னுதான் நினைக்கிறேன்."

"செருப்பை நடுவுல யாராவது எடுத்துட்டா?"

"கத்துவா. ரெண்டு கன்னத்துலயும் அடிச்சுக்குவா."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?"

"ஒரு அதட்டு அதட்டுவேன்."

"நிறுத்துவாளா?"

"மாட்டா."

"எது செஞ்சா நிறுத்துவா?"

ஒச்சப்பன் தலையைச் சொறிந்தார்.

"மூத்தவ சடங்குக்கு மைக் செட் கட்டி, எனக்குக்கூடப் பத்திரிகை வச்சீங்க. இவ எப்பண்ணே வயசுக்கு வந்து உக்காந்தா?"

ஒச்சப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆம்பளைகிட்டக் கேக்குற கேள்வியா தாயி இது? வாங்குறதும் விக்கிறதுமா நான் ஊர் ஊரா அலையுறவன். எனக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். இருங்க, ஃபோன் போட்டுக் கேட்டுச் சொல்..."

சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்த ஃபோன் பாதியிலேயே நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. கந்தவேல் வாத்தியார் குனிந்து இலையை வழித்தார். இலையில் வழிக்க ஒன்றும் இல்லை.

ஒச்சப்பன் ஃபோனை மெதுவாகப் பைக்குள் தள்ளினார். எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சந்தையில் அந்த ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர் நினைவுக்கு வந்தது.

பந்தி எழுந்தது. கை கழுவிவிட்டு ஒவ்வொருவராக வாசலுக்குப் போனார்கள். ஒச்சப்பன் வாசலைப் பார்த்தார். இப்போது யாராவது கலைப்பார்கள். இவள் கத்துவாள். எழுந்து ஓடினார்.

வாசலில் செருப்புகள் ஒரே வரிசையாக, மூக்கு வெளியே பார்த்து நின்றன. யோகேஸ்வரி வரிசையின் கடைசியில் ஒரு வாரை நேராக்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவளுக்கு எதிரே நின்றார். கை நீட்டவில்லை.

"எடுத்துக்கலாமா பாப்பா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. அவருடைய காலைப் பார்த்தாள். வரிசையை ஒருமுறை தொட்டுக்கொண்டே போனாள். நின்றாள். ஒரு ஜோடியை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"ஜோடி" என்றாள்.

"நாப்பது வருஷம் பள்ளிக்கூட வாசல்ல நின்னு கத்தியிருக்கேன்" என்றார் வாத்தியார். "ஒரு பயலும் இப்படி அடுக்குனதில்ல."

மற்றவர்களும் அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் போனதும் அவள் இடைவெளியை மூடி வரிசையை நெருக்கினாள். கத்தவில்லை.

எல்லோரும் போன பிறகு, சுவரோர நிழலில் இரண்டு ஜோடி மட்டும் மிச்சம் இருந்தன. ஒன்று குதிகால் தேய்ந்த டயர் செருப்பு. அதை ஒட்டி ஒரு சிறிய ரப்பர் செருப்பு. ஆரம்பத்திலிருந்தே அவை வரிசையில் இல்லை.

"அந்தப் பெரிசு யாருது?" என்று கேட்டார் மடத்தம்மா. அவர் எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"என்னோடது தாயி."

"அது ஏன் தனியா இருக்கு?"

"வீட்டுலயும் அப்படித்தான் வைப்பா. எஞ்செருப்பு பக்கத்துல அவ செருப்பு."

"எத்தனை நாளா?"

ஒச்சப்பன் யோசித்தார். ராத்திரி எந்நேரம் வந்து எங்கே கழற்றி எறிந்தாலும், காலையில் அது அந்தச் சின்னச் செருப்புக்குப் பக்கத்தில் இருக்கும். காலை விட்டுக்கொண்டு போய்விடுவார்.

"தெரியல" என்றார். "பாத்திருக்கேன். கவனிச்சதில்ல."

"ஒண்ணு சொல்லிட்டீங்க. மீதியத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கூட்டிட்டு வாங்க. வச்சுக்கறேன்."

ஒச்சப்பன் வெயிலில் நின்றார். பிறகு குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அவளும் போட்டுக்கொண்டாள். அவர் அவளுடைய கையைப் பிடித்தார். மற்றக் கை பழக்கத்தில் தோளிலிருந்த துண்டை இழுத்து, பிடித்திருந்த கையின் மேல் போட்டது.

வாசற்படி இறங்கியவர் திரும்பினார்.

"நாளைக்குச் சம்பந்தி வீட்டுல போய் நான் என்னன்னு சொல்லுவேன் தாயி?"

"முதல்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போங்கண்ணே" என்றார் மடத்தம்மா. "தகரம் வேண்டாம். அந்தத் துண்டைக் குடுத்துட்டுப் போங்க."