கஞ்சி ஆறும் வரை

“எனக்கு ஆறுதல் வேணும் சிஸ்டர். இருந்தா இப்பவே குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க, நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருதேன்.”

வந்ததும் வராததுமாக வியாகுலம் இப்படித்தான் ஆரம்பித்தான். மீன் ஏலம் விட்டுப் பழகிய வாய். துக்கத்தைக்கூட அவனால் மெதுவாகச் சொல்ல முடியவில்லை. துக்கத்தை வாய்விடாமல் சுமந்த வியாகுல மாதாவின் பெயரை இவனுக்கு வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

சிஸ்டர் சலேத் நிமிர்ந்து பார்த்தார். அவனைவிட வயதில் சின்னவர். யாருமில்லாத நோயாளிகளைக் கடற்கரையோரம் ஓர் ஓட்டு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனால் மனசு தெளியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“உக்காருங்க.”

“முடியாது. பெஞ்சாதியும் மகளும் போனதுலேருந்து ஒரு இடத்துல உக்கார முடியலை.”

உண்மைதான். சாப்பாட்டைக்கூட நின்றபடியே விழுங்கினான். பங்குச் சாமியார் வீட்டு வாசலில் நின்றான். தியான மையத்தில் நின்றான். கல்லறைத் தோட்டத்தில் நின்றான். எங்கேயும் கால் தரிக்கவில்லை.

“எப்படிப் போனாங்க?”

“மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து போனாங்க. பின்னால வந்த லாரி அடிச்சிட்டுது. சினிமாவுக்கா போனாங்க? மாதாவைப் பாக்கத்தானே போனாங்க! அவ மகன் அன்னைக்கு எங்க போயிருந்தாரு?”

சிஸ்டர் ஒரு ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினார்.

“சொல்ல மாட்டீங்க. ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எல்லாம் கடவுள் சித்தம்பாங்க, ஒரு டீ வாங்கித் தருவாங்க.”

சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெபமாலையை எடுத்தான்.

“என் மக கையில கிடந்தது. நான் சிலுவை போடுறதையே விட்டுட்டேன். இன்னைக்கும் பதில் இல்லன்னா இதைக் கடல்ல வீசிட்டுப் போயிருவேன். அவருக்கும் எனக்கும் அத்தோட சரி.”

அதை வீசிவிட்டால் தனக்கென்று ஒன்றும் மிச்சமிருக்காது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் அவ்வளவு சத்தம் போட்டான்.

சிஸ்டர் உள்ளே போனார். ஆவி பறக்கும் கஞ்சி ஒரு டம்ளரில், வெறும் டம்ளர் இன்னொன்று. இரண்டையும் அவனிடம் நீட்டினார். ஜெபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டான்.

“ஆத்துங்க.”

“எனக்குக் கஞ்சி வேண்டாம்.”

“உங்களுக்குன்னு யாரு சொன்னா?”

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு கிழவர் கிடந்தார். பெயர் சவரிமுத்து. வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாயெல்லாம் புண்.

வியாகுலம் ஆற்றினான். ஏலம் விடுகிற அவசரத்தில் ஆற்றினான். கொஞ்சம் தரையில் சிந்தியது. கட்டிலோரம் இருந்த கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டினான். கிழவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“குடிக்க மாட்டேங்காரு.”

“சிலுவை போடாமக் குடிக்க மாட்டாரு. கை வராது அவருக்கு.”

“நான் போட மாட்டேன். சொன்னேன்லா?”

“உங்களை யாரு போடச் சொன்னா? அவரு கைதானே போடணும்.”

வியாகுலத்துக்கு எரிச்சலாக வந்தது. ஆறுதல் தேடி வந்த இடத்திலும் வேலை வாங்குகிறார்களே! டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று கதவைப் பார்த்தான். கிழவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பசி தெரிந்தது.

டம்ளரைக் கீழே வைத்தான். கட்டில் விளிம்பில் ஒண்டி உட்கார்ந்து அந்த வலது கையைத் தூக்கினான். இவ்வளவு கனக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

நெற்றியில் வைத்தான். நெஞ்சில் வைத்தான். அடுத்து வலது தோளுக்குக் கொண்டுபோனான்.

கிழவர் தலையை ஆட்டினார்.

“இடது,” என்று குழறினார்.

வியாகுலத்தின் கை அப்படியே நின்றது.

எதிரே உட்கார்ந்து இன்னொருவருக்குப் போட்டுவிட்டால் இடமும் வலமும் மாறிப்போகும். மகளுக்குச் சிலுவை போடச் சொல்லிக்கொடுத்தபோதும் இதே தப்பைத்தான் செய்தான். பள்ளிக்கூடம் போகும்வரை அவள் வலது தோளில்தான் ஆரம்பிப்பாள். “அப்பன் சொல்லிக்குடுத்த லட்சணம்” என்று மனைவி கேலி செய்து தீர்ப்பாள்.

அவன் அழுதான். ஏலக்காரன் சத்தமில்லாமல் அழுதது அன்றைக்குத்தான். பிடித்த கையை விடாமலே அழுதான். அவர்கள் போய்விட்டார்கள், இனி வரமாட்டார்கள் என்று அழுதான்.

கிழவர் பசியோடு பொறுத்திருந்தார்.

கடைசியில் அந்தக் கையை இடது தோளுக்குக் கொண்டுபோனான். பிறகு வலது தோளுக்கு. கிழவர் குழறிச் சொன்ன ஆமெனோடு அவனுடைய ஆமெனும் சேர்ந்து கேட்டது.

கிழவர் வாயைத் திறந்தார்.

வியாகுலம் கஞ்சியில் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது.

வெளியே நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டது. அவன் கரண்டியிலேயே கண்ணாக இருந்தான்.

டம்ளர் காலியானதும் கிழவரின் வாயைத் துண்டால் ஒற்றியெடுத்தான்.

“கடலுக்குப் போகணும்னீங்களே,” என்றார் சிஸ்டர். “பின்வாசல் வழியாப் போனா பக்கம்.”

வியாகுலம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டான்:

“காலையில இவருக்கு என்ன குடுப்பீங்க?”

“கஞ்சிதான்,” என்றார் சிஸ்டர். “கொதிக்கக் கொதிக்க வரும்.”