நாரைக்குத் தொந்தரவு கூடாது

கோணங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நான் பெண் எடுத்த ஊர் அது. இருக்கிற மூளையைக் கசங்காமல் மடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தில் ஒரு நாரை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. ஊருக்கே அதன்மேல் உயிர். ஆனால் வெள்ளிக்கிழமை மரத்தை வெட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

"கூட்டுல குஞ்சு இருக்குன்னு காட்டுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க, நான் நிறுத்திடுறேன். எனக்கு மலையில முகாம், வெள்ளிக்கிழமைதான் இறங்குவேன்" என்றார் வனக்காப்பாளரம்மா ஜெபக்கனி.

கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் பொன்னிலிங்கம் கேமராவைத் தூக்கினார். கூடவே அவர் கூட்டாளிகள் இசக்கிராசாவும் சண்முகக்கனியும் கிளம்பினார்கள். ஜெபக்கனி மூவரையும் நிறுத்திப் பாடம் சொன்னார்.

"தூரத்துலயே புதர் மாதிரி மறைஞ்சிருங்க, அசையாதீங்க. பறவை உங்களுக்குப் பழகட்டும், அவசரப்படாதீங்க. அது தலையைத் தூக்கிப் பார்த்தா தொந்தரவுன்னு அர்த்தம், பின்னால போயிடுங்க. போட்டோவைவிட பறவைதான் முக்கியம்."

செவ்வாய்க்கிழமை மூவரும் உடம்பெல்லாம் அகத்திக்குழை கட்டிக்கொண்டு கரையில் குந்தினார்கள். நாரை வருவதற்குள் ஆட்டுமந்தை வந்தது.

"அண்ணாச்சி, ஆடு என் முதுகைத் திங்குது" என்றார் சண்முகக்கனி.

"பேசாதல. புதர் பேசுமா?" என்றார் பொன்னிலிங்கம்.

"வேட்டி வரைக்கும் வந்துட்டு அண்ணாச்சி!"

"புதருக்கு ஏதுல வேட்டி?"

சண்முகக்கனிக்கு அது நியாயமாகவே பட்டது. பொழுது சாய்ந்ததும் மூவரும் பக்கத்துத் தோட்டத்தில் வாழை இலை கேட்டு வாங்கி, இடுப்பில் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

புதன்கிழமை, பறவை எப்படிப் பழகும் என்று ஆலோசனை நடந்தது. முகம் தெரியாமல் யாரும் யாரோடும் பழக முடியாது என்று முடிவாயிற்று. உடனே பன்னிரண்டு அடிக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் அடித்து, மரத்தைப் பார்த்தாற்போல் கரையில் நட்டார்கள். அதில் மூவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கும்பிட்டபடி நின்றார்கள். கீழே, 'நாரையம்மாவை வருக வருக என வரவேற்கும் அன்புத் தம்பிகள்' என்று போட்டிருந்தது.

"நாரைக்குப் படிக்கத் தெரியாதே அண்ணாச்சி" என்றார் இசக்கிராசா.

"அதுக்குத்தானல படம் பெருசாப் போட்டிருக்கு!"

பேனருக்குப் பின்னால் மூவரும் உட்கார்ந்துகொண்டார்கள். அன்று முழுவதும் நாரை அவர்களைப் பார்த்தது. அவர்களால்தான் நாரையைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை பேனரைக் கழற்றினார்கள். நல்ல வெயில். நாரை வந்து குஞ்சுக்கு இரையைக் கக்கியது. பொன்னிலிங்கம் கேமராவைக் கண்ணில் வைத்தார். நாரை தலையைத் தூக்கியது. மூவரும் பத்து எட்டு பின்னால் போனார்கள். நாரை குனிந்தது, மறுபடி தூக்கியது. மறுபடி பத்து எட்டு. பசிக்கிற குஞ்சு, சளைக்காத தாய். சாயங்காலம் மூவரின் முதுகும் அடுத்த ஊர் டீக்கடையில் போய் முட்டியது. கேமராவுக்குள் போண்டாத் தட்டு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"நாளைக்கு வெட்டிருவாங்களே அண்ணாச்சி, அந்தப் பச்சைக் குஞ்சு எங்க போகும்?" என்று இசக்கிராசா அழுதே விட்டார்.

"போட்டோவைவிட பறவைதானல முக்கியம்" என்று பொன்னிலிங்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மரம் வெட்ட மாடக்கண்ணு மூன்று ஆட்களோடு வந்தார். அவரும் கோணங்குளத்துக்காரர்தான். பொன்னிலிங்கம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்ட வேண்டாம்னு நாங்க சொல்லல. உத்தரவுன்னா உத்தரவுதான். ஆனா நாரைக்குத் தொந்தரவு கூடாதுய்யா."

மாடக்கண்ணுவுக்கும் நெஞ்சு இளகிவிட்டது. கரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் யோசித்தார்.

"கோடாலி சத்தம் போடும்."

"ரம்பம்?"

"அது கத்தும், அண்ணாச்சி."

கடைசியில் தன் சாவிக்கொத்தில் தொங்கிய நகவெட்டியைப் பிரித்தார். அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி அரம் இருந்தது.

மத்தியானம் ஜெபக்கனி வந்து பார்த்தபோது, நாலு பேர் முழங்கால் தண்ணீரில் நின்று, முறைவைத்து மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு அடி தள்ளி, மூன்று போட்டோக்காரர்களும் வாயில் விரல் வைத்துக் காவல் நின்றார்கள்.

"இப்படித் தேய்ச்சா மரம் எப்பய்யா சாயும்?" என்றார் ஜெபக்கனி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாடக்கண்ணுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவோம்மா. இன்னும் மூணு நகவெட்டி வாங்கக் கடைக்கு ஊர்ப் பையன் ஒருத்தன் போயிருக்கான்."

பொன்னிலிங்கம் பதறிப்போய் ஜெபக்கனியின் காதருகே குனிந்தார்.

"மூணுமா? ஒவ்வொண்ணாத் தேய்க்கச் சொல்லுங்கம்மா. குஞ்சு இப்பதான் கண் அசந்திருக்கு."