நான்கு யானைகளும் நகராத மாலையும்

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டைப் பரிதிவேள் என்றோர் அரசர் ஆண்டார். காலையில் பரிசளித்த குதிரையை மாலையில் திருப்பிக் கேட்கும் மனம் அவருக்கு. ஆயினும் மறைந்த அரசியை ஒருநாளும் மறந்தவரல்லர்.

ஆண்டுதோறும் அரசியின் நினைவுநாளில், தாமே தொடுத்த தாமரை மாலையை அரண்மனைக் குளத்தின் கீழ்க்கரையில் மிதக்கவிடுவார். கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று அதை மேல்கரையிலுள்ள நினைவுக்கல்லிடம் சேர்க்கும். அவ்வாண்டு காற்று அடங்கியது. மாலை நடுக்குளத்தில் நின்றுவிட்டது. கதிரவன் மறைவதற்குள் அது கரைசேராவிட்டால் அரசி தம்மை மறந்துவிட்டாள் என்று பொருள் என அரசர் கலங்கினார்.

அரசர் மழைக்குறி கேட்பது தம்மிடமன்றிக் குளங்காக்கும் சேந்தியிடம் என்பதால் நெடுநாளாகப் புழுங்கியவர் அவையினருள் ஒருவரான விருதராயர். அவர் கீழ்க்கரையில் நான்கு யானைகளை இறக்கி நீரை அறையச் செய்தார். அலைகள் மேல்கரைவரை ஓடின. மாலையோ எழுந்தது, தாழ்ந்தது, இருந்த இடத்திலேயே இருந்தது. உடனே அவர், சேந்தி அடியில் நூல்கட்டி நிறுத்தியிருக்கிறாள் என்றார். அரசர் அவளை நாடுகடத்த ஆணையிட்டார்.

சேந்தி ஒரு கயிறு மட்டும் கேட்டாள். அதன் நடுவில் சிவப்புத் துணியை முடிந்து, ஒரு முனையை விருதராயரிடம் கொடுத்து, மறுமுனையை மேலும் கீழும் உதறினாள். கயிற்றில் ஒரு மேடு எழுந்து ஓடி, அவர் மணிக்கட்டில் சுளீரென்று பட்டது.

"என்ன வந்தது, ஐயா?"

"அடி வந்தது."

"துணி வரவில்லையே. அதற்கும் நூல் கட்டினேனோ?"

அவை சிரித்தது. அவள் அரசரிடம் திரும்பினாள்.

"கயிற்றின் ஒவ்வொரு பகுதியும் தன் இடத்திலேயே எழுந்து, அடுத்ததை எழுப்பிவிட்டு அமர்ந்தது, அரசே. ஓடியது அசைவு, கயிறன்று. குளமும் அப்படியே. நீரே வராதபோது மாலை எப்படி வரும்?"

அரசர் குரல் தாழ்ந்தது. "நான்கு யானைகளால் ஆகாததை யார் செய்வது?"

"தொடுத்த கைகள்."

அரசர் முடியைப் படியில் வைத்துவிட்டு மார்பளவு நீரில் இறங்கினார். அரசர் நனைவது மரபன்று என்று விருதராயர் முணுமுணுத்தார். அரசர் நடுக்குளத்தில் மாலையின் அடியைத் தடவிப் பார்த்தார். நூல் இல்லை.

"விருதராயரே, யானைகள் கலக்கிய சேறு தெளியும்வரை சேந்தியின்கீழ்ப் பாசி அள்ளுவீர். சேந்தி, நாளை முதல் அவையில் உன் இருக்கை என் வலப்பக்கம்."

பிறகு மாலையை ஏந்தி மேல்கரை நோக்கி நடந்தார். அவரிடமிருந்து புறப்பட்ட சிற்றலை ஒன்று கீழ்க்கரைக்கு வந்து விருதராயரின் பாதத்தைத் தொட்டது. மாலை அரசரோடு சென்றது.